கை பார்த்து நிரை கொடுத்த நாள்

புக்கிட் செராய் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் அன்று காலை எட்டு மணிக்கே மணியை அடித்துவிட்டார் இராஜமாணிக்கம். பூசைக்காக அல்ல, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதற்காக.

முப்பத்தோரு வருடம் அந்தத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர் அவர். விடிவதற்கு முன் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இந்த நிரை என்று ரப்பர் மரவரிசையைப் பிரித்துக் கொடுத்த குரல் அவருடையது. அவர் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. இப்போது கோயில் தலைவர். பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததுமே, நம் பிள்ளைகளுக்கு மேற்படிப்புக்கு வழிகாட்ட ஒரு நாள் நடத்த வேண்டும் என்று கமிட்டியைக் கூட்டியவரும் அவர்தான். எப்படி வழிகாட்டுவது என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. பேர் கூப்பிட வேண்டும், ஆளுக்கொரு நிரை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

மண்டபத் தரையில் சுண்ணாம்பால் மூன்று கோடு இழுத்திருந்தார். ஒவ்வொரு கோட்டின் தலைமாட்டிலும் ஓர் அட்டை: டாக்டர், லாயர், இன்ஜினியர்.

"மிச்சம் இருக்கிற பிள்ளைங்க எங்கங்க நிப்பாங்க?" என்று கேட்டார் மனைவி வள்ளிநாயகி.

"மிச்சமே இருக்கக் கூடாது."

"அப்போ சோத்துக்கு அரிசி போடப்போறவன் யாரு? வக்கீலா?"

சமையல் கட்டிலிருந்து வரும் கேள்விக்குப் பொது இடத்தில் பதில் சொல்வதில்லை என்பது இராஜமாணிக்கத்தின் கொள்கை.

அவர் கண் சுவரில் தொங்கிய பதாகையின் மேல் இருந்தது. 'வருங்கால டாக்டர் செல்வி ரோகினி இராஜமாணிக்கம். ஏழு ஏ. தோட்டத்தின் பெருமை.' மூன்று மகன்களுக்குப் பின்னால் பிறந்த கடைக்குட்டி அவள். மகன்கள் ஒழுங்கான பிள்ளைகள்தான். ஆனால் ஒருவன் பேருக்கும் முன்னாலோ பின்னாலோ ஓர் எழுத்து சேரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவள் ரோகினி. போன திருவிழாவில், ஒலிபெருக்கியில், நானூறு பேர் காதில் விழும்படி, "என் மகள் டாக்டராவாள்" என்று அவர் சொல்லிவிட்டார். இராஜமாணிக்கம் சொன்ன சொல் திரும்பியதாக அந்த வட்டாரத்தில் சரித்திரம் இல்லை.

சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் ஒன்று. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் என்று மகளின் விருப்பங்களை அவரே வரிசைப்படுத்தி, அவரே எழுதியது. விண்ணப்பம் அன்று மாலை ஐந்து மணியோடு மூடுகிறது. சிரம்பானிலிருந்து வரும் பள்ளி ஆலோசகர் சமீனா டீச்சர் தன் மடிக்கணினியில் பிள்ளைகள் எல்லோருக்கும் பதிந்து கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஒன்பது மணிக்குக் கோயில் வேன் மீதிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்த வேன். தெமியாங்கில் பட்டறை வைத்திருக்கும் வசந்தன் கியர்பாக்ஸை இறக்கி, ஏற்றி, உயிர் கொடுத்திருந்தான். போன வாரம் அதை ஓட்டிப் பார்த்த இராஜமாணிக்கம், "இந்த வேலை செஞ்ச கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா" என்றார். வசந்தன் ஏனோ தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

அந்த வசந்தனும் இன்று வந்திருந்தான். தொழில் பற்றிப் பேச சமீனா டீச்சர் அழைத்திருந்தார். இராஜமாணிக்கம் அவனுக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டார்.

பேர் கூப்பிட்டு முடித்தாயிற்று. இருபத்து மூன்று பிள்ளைகள். சமீனா டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்து, "உங்களுக்கு எது பிடிக்குமோ அதை எழுதுங்க. சரி தப்பு கிடையாது" என்றார். பெற்றோர்கள் பிள்ளைகளின் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டினார்கள். பத்து நிமிடத்தில் தாள்கள் திரும்பி வந்தன. பதினான்கு டாக்டர், ஐந்து லாயர், நான்கு இன்ஜினியர்.

இராஜமாணிக்கம் மீசையைத் தடவினார். "பார்த்தீங்களா டீச்சரம்மா? எங்க பிள்ளைங்க தெளிவாத்தான் இருக்காங்க."

டீச்சர் ஒரு தாளை எடுத்தார். "ஷங்கர், நீங்க டாக்டரா?"

"ஆமா டீச்சர்."

"ரத்தம் பார்ப்பீங்களா?"

"அதான் டீச்சர் பிரச்சினை. கோழி அறுத்தாலே மயக்கம் போட்டுடுவேன்லா."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. ஷங்கரின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சமீனா டீச்சர் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு இராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். "ஐயா, ஒண்ணு கேக்கலாமா? பெரட்டுல நீங்க வேலை பிரிச்சுக் கொடுக்கும்போது, என்ன வேலை வேணும்னு ஆளுங்களைக் கேப்பீங்களா?"

"கேக்கிறதா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "கேட்டா எல்லாரும் ரோட்டோரத்து நிரைதான் கேப்பான். நான் கையைப் பார்ப்பேன் டீச்சரம்மா. புதுசா ஒரு ஆள் வந்தா, ரெண்டு கையையும் நீட்டுன்னு சொல்லுவேன். மரத்தைக் காயப்படுத்துற கை எது, உளி நிக்கிற கை எது, பாலை அளக்கிற கை எதுன்னு தெரிஞ்சிடும். வாய் பொய் சொல்லும். கை சொல்லாது."

"தப்பாப் போனதே இல்லையா?"

இராஜமாணிக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரே ஒரு தடவை. அர்ச்சுனன்னு ஒருத்தன். அவங்கப்பன் நல்ல பால்வெட்டு ஆள், அதனால மகனும் அப்படித்தான்னு கையைப் பார்க்காமலே மலைச்சரிவு நிரையைக் கொடுத்திட்டேன். ஒரு வாரத்துல பாதி மரம் புண்ணு. மறுநாள் பெரட்டுல எண்பது பேர் முன்னாடி சொன்னேன், 'தப்பு என்னோடது, நிரை மாறுது'ன்னு. அவனை ஸ்டோருக்கு அனுப்பினேன். பின்னால அவன்தான் எங்க ஸ்டோர்ல கணக்கெழுதுற கிராணி." சற்று நிறுத்தி, "மண்டோர் தப்பை மறைச்சா அன்னியோட அவன் சொல்லுக்கு மதிப்புப் போச்சு" என்றார்.

"அப்போ இன்னிக்கும் கையைப் பாருங்களேன் ஐயா. கை பாதி சொல்லட்டும். மீதியை நான் பிள்ளைங்ககிட்ட கேட்டுக்கிறேன்."

மண்டோருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எழுந்தார். "கையை நீட்டுங்க எல்லாரும்!" வரிசையாகக் கைகள் நீண்டன.

முதல் கை ஷங்கருடையது. விரல் முட்டியில் சூடுபட்ட சின்னச் சின்னத் தழும்பு, நகக்கண்ணில் மாவு. இராஜமாணிக்கம் மோந்தே பார்த்துவிட்டார். "நெய்யி. டேய், நீ ரொட்டி வீசுறியா?"

"லோபாக்ல எங்க வாப்பா கடையில சாயங்காலம் ரொட்டி சானாய் வீசுறது ஷங்கர்தான் ஐயா," என்றார் டீச்சர். "பிடிக்குதா ஷங்கர்?"

"ரொட்டியும் பிடிக்கும் டீச்சர். ஆனா கூட்டத்தைச் சமாளிக்கிறது ரொம்பப் பிடிக்கும். சொந்தமா ஒரு கடை போட்டு நடத்தணும்."

"பத்துக் கடையா நடத்து," என்றார் இராஜமாணிக்கம். "ரத்தம் பார்க்க வேணாம்." டீச்சர் குறித்துக்கொண்டார், ஹோட்டல் நிர்வாகம் என்று.

அடுத்து திலகா. மணிக்கட்டு முழுக்கக் கீறல். "புருஷன் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே இவ்வளவு சண்டையா?" என்றார் அவர். நாலு பூனை, இரண்டு நாய் வளர்ப்பதாகவும், செம்பனைக் காட்டில் காலொடிந்து கிடந்த ஒரு முள்ளம்பன்றிக்குக்கூடக் கட்டுப் போட்டதாகவும் திலகா சொன்னாள். "நீ டாக்டர் கோட்டுலேயே நில்லும்மா. ஆனா நாலு கால் பக்கமா நில்லு."

மகேந்திரனின் கை பஞ்சு போல இருந்தது. வலது கட்டைவிரல் மட்டும் காய்த்திருந்தது. "இந்த ஒரு விரல்தான்டா உழைச்சிருக்கு!" போன திருவிழாவைப் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, பல்லாயிரம் பேர் பார்க்கும்படி போட்டது அந்த விரல்தான் என்று டீச்சர் சொன்னதும், "நான் பேசினது அதுல வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"முழுசா வந்துச்சு ஐயா," என்றான் மகேந்திரன். "பதினெட்டு நிமிஷம். அங்கதான் எல்லாரும் ஓடிட்டாங்க."

இப்படிக் கைக்குக் கை சிரிப்பும் கேலியுமாக நேரம் போனது. சுண்ணாம்புக் கோடுகள் காலடியில் அழிந்து எங்கோ போய்விட்டன. தாளில் எழுதிய வேலையும் கையில் இருந்த வேலையும் பொருந்தியவர்கள் ஆறு பேர்தான். இராஜமாணிக்கம் இவ்வளவு உற்சாகமாக இருந்து பல நாள் ஆகியிருந்தது. வரிசையின் கடைசிக்கு வந்தார்.

கடைசியில் நின்றவள் ரோகினி. அவள் கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"இவ கையை எதுக்குப் பார்த்துக்கிட்டு," என்று அவர் திரும்பப் போனார்.

"மண்டோரையா!" என்று ஷங்கர் கூவினான். "எங்க கையை மோந்தெல்லாம் பார்த்தீங்க. உங்க வீட்டுக் கையையும் பாருங்கலா!"

சமையல் கட்டு வாசலில் கரண்டியோடு வந்து நின்றார் வள்ளிநாயகி. முப்பத்தோரு வருடத்தில் அர்ச்சுனன் ஒருவனைத் தவிர ஓர் ஆளைக்கூடத் தாண்டிப் போனவர் இல்லை இராஜமாணிக்கம். "நீட்டும்மா," என்றார்.

ரோகினி நீட்டினாள்.

பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. நகக்கண்ணில் சோப்புக்கும் போகாத கறுப்பு. உள்ளங்கை மேட்டில் ஸ்பானர் பிடித்துக் காய்த்த காய்ப்பு. மணிக்கட்டில் அரைவட்டமாக ஒரு சூட்டுத் தழும்பு. தோசைக்கல் சுட்டது என்று தாயும் மகளும் ஒரே குரலில் சொன்ன தழும்பு. எந்தத் தோசைக்கல்லும் இப்படிச் சுடாது. இது மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்.

"யார் பட்டறை?" குரல் தணிந்திருந்தது.

தூணுக்குப் பின்னாலிருந்து வசந்தன் எழுந்தான். "நம்ம பட்டறைதான்யா. ஒரு வருஷமா, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை."

"சனிக்கிழமை பயாலஜி டியூஷன்."

"டியூஷனும் போனேன்பா," என்றாள் ரோகினி. "அது பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிடும்."

"ஐயா," என்று இழுத்தான் வசந்தன். "கோயில் வேன் கியர்பாக்ஸ்... அதை இறக்கி ஏத்தினது நான் இல்ல. நான் பக்கத்துல நின்னு சாமான் எடுத்துக் கொடுத்தேன்."

தங்கக் காப்பு! இராஜமாணிக்கத்தின் காதில் அவர் சொல்லே திரும்பி வந்து மோதியது. தலைக்கு மேலே பதாகை. சட்டைப் பையில் தாள். எதிரே ஊர். இந்தக் கையை மூடி, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். சொன்ன சொல் நிற்கும். பேர் நிற்கும். ஆனால் அந்தக் கைக்குரியவளின் கண்ணைப் பார்த்தபோது மலைச்சரிவில் புண்ணாகி நின்ற மரங்கள் அவர் நினைவுக்கு வந்தன. அர்ச்சுனனுக்கும் இதைத்தான் செய்தார். கையைப் பார்க்காமல் பேரைப் பார்த்தார்.

சமீனா டீச்சர் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்ட கேள்வி ஒன்று மீதி இருந்தது. அதை இராஜமாணிக்கமே கேட்டார்.

"பிடிக்குதாம்மா?"

"ரொம்பப் பிடிக்குதுப்பா." நீட்டிய கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. "ஒரு இன்ஜினைக் கழட்டிப் போட்டா எனக்குப் பசியே எடுக்காது. போர்ட்டிக்சன் பக்கம் பாலிடெக்னிக்ல வாகனப் பொறியியல் இருக்கு. ஆனா நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. உங்க பேச்சு கீழ விழக் கூடாதுன்னுதான்..."

"என் பேச்சை நீ தூக்க வேணாம். அதுக்கு நான் இருக்கேன்."

நேராக மேடைக்குப் போய் ஒலிபெருக்கியை எடுத்தார். முதுகு எப்போதும் போல நேராக இருந்தது, ஒருவேளை இன்னும் கொஞ்சம் நேராக.

"எல்லாரும் கேளுங்க. திருவிழாவுல இதே இடத்துல நின்னு என் மகள் டாக்டர்னு சொன்னேன். கையைப் பார்க்காம சொன்னது. தப்பு என்னோடது." மூச்சை இழுத்துக்கொண்டார். "நிரை மாறுது!"

பின்வரிசையில் யாரோ ஒரு பழைய பால்வெட்டுக்காரர் கையைத் தட்டினார். மண்டபமே தட்டியது.

சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து, நாலாக மடித்திருந்ததை எட்டாக மடித்து மறுபடியும் பையிலேயே போட்டுக்கொண்டார். "டீச்சரம்மா, முதல் விருப்பம் வாகனப் பொறியியல்னு அடிங்க. ரெண்டாவது..." வாய் வரை பல் மருத்துவம் வந்தது. விழுங்கிக்கொண்டார். "ரெண்டாவது என்னன்னு அவளையே கேளுங்க."

"வசந்தன்! எதுக்குய்யா தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு நிக்கிற? முன்னாடி வந்து உக்காரு."

"நீங்கதான்யா அங்க நாற்காலி போட்டீங்க."

"இப்போ நான்தான் இங்க போடுறேன். வா."

மூன்றேகால் மணிக்கே எல்லா விண்ணப்பமும் போய்விட்டது. படம் எடுக்கப் பிள்ளைகள் கூடினார்கள். ரோகினி வழக்கம்போல விரல்களை மடக்கி மறைத்துக்கொண்டாள்.

"விரலை விரிம்மா," என்றார் இராஜமாணிக்கம். "மகேந்திரன், அந்தக் கறுப்பு தெரியிற மாதிரி எடு. பேர் போடும்போது இராஜமாணிக்கத்தை முழுசாப் போடு, சுருக்காத." பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "தோசைக்கல்லுன்னு சொன்ன ஆளையும் விடப்போறதில்ல. நாளைக்குக் காலையில உன் கையையும் பார்க்கணும்."

"நாளைக்கு எதுக்குங்க?" வள்ளிநாயகி கரண்டியை உயர்த்திக் காட்டினார். "இப்பவே நீட்டட்டுமா?"

கோயில் தலைவர், முன்னாள் மண்டோர் இராஜமாணிக்கம், நிமிர்ந்த முதுகோடு, சற்று வேகமாகவே வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.