இரண்டு மணிக் கூச்சல்

கறிக்கடைக்காரரின் நாய் பச்சைக் கறி தின்றால், அதன் வயிற்றுக்குள் சாகிற கிருமிகளின் கூச்சல் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். மதியம் இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, சவ்வும் ஈரலுமாகத் தட்டில் வைப்பார். இரண்டு பத்துக்கு ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் ஓயாது. அந்நேரம் தெருவில் யாரும் போன் பேசுவதில்லை. அவர் மனைவி மூன்று வருடமாகக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் தையல் மெஷின் மிதித்தாள். "இந்தச் சனியன் சத்தம் என்னைக்குத்தான் நிக்குமோ!" என்று புலம்பாத நாளில்லை.

பொறுக்க முடியாமல் மாட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் நாயின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "நாய் வயித்துல அமிலம் கடுமைம்மா, குடலும் குட்டை. முக்காவாசி அங்கேயே காலி. தப்பிச்சது எச்சில்லயும் பீயிலயும் வெளிய வரும். நாய்க்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. நீங்கதான் கையைக் கழுவணும்" என்றார்.

கடைக்காரர் காதில் ஏறியது 'நாய்க்கு ஒண்ணும் ஆகாது' என்பது மட்டும்தான். அது என்ன மண்டையோ! "அதுக்கு ஆகாதது எனக்கு மட்டும் ஆயிடுமா?" என்று நாய்த் தட்டிலிருந்தே ஒரு பச்சை ஈரலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு சட்டையைத் தூக்கிவிட்டு பெஞ்சில் படுத்து, அக்கம்பக்கத்தாரைக் கேட்கச் சொன்னார். நாய் வயிறு அலறியது. அவர் வயிற்றில் ஒரு சத்தமும் இல்லை.

"பாத்தியா, எவ்வளவு அமைதி!" என்று பெருமை வேறு.

அவர் மனைவி மட்டும் குனிந்து அந்த வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். அங்கே ஒரு கிருமிகூடச் சாகவில்லை.

அன்று ராத்திரியே காய்ச்சல், வயிற்றுப்போக்கு. மறுநாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது, கண் செருகிவிட்டது. இந்த மனிதரோடு இருபது வருடம் குப்பை கொட்டியவள், திட்டிக்கொண்டே நான்கு நாள் அவர் வயிற்றில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் விரட்டியும் எழவில்லை. ஐந்தாம் நாள் காலை, மாற்று மருந்து ஏறி ஒரு மணி நேரத்தில், உள்ளிருந்து மெலிதாக ஓர் அலறல் வந்தது. பிறகு பத்து, பிறகு ஆயிரம். "கத்துங்கடா, நல்லா கத்துங்க!" என்று அவள் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னார். நர்ஸ் அதையும் காய்ச்சல் அளவுக்குப் பக்கத்தில் எழுதிவைத்தாள்.

இப்போது அவர் வேகாத எதையும் தொடுவதில்லை. அவளும் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டாள். நாயின் கூச்சல் ஐந்து நிமிடம் முன்னதாக அடங்கும் நாட்களில் மட்டும், தப்பிச்சது அதிகம் என்று, தட்டையும் தரையையும் கொதிநீர் ஊற்றித் தேய்க்கிறாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒருநாள், "என்னம்மா இது, இப்படி அலறுது?" என்று ஓடிவந்தார்.

"சாகுதுங்க. சாகட்டும்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள்.