வீங்கிய விரலில் மோதிரம்

லெகியெமின் மோதிரவிரல் வாழைப்பழம் போல் வீங்கியிருந்தது. போன வாரம் உதிரிப் பழம் பொறுக்கும்போது எண்ணெய்ப்பனை முள் ஒன்று கையுறையைத் துளைத்துக் கணுவில் இறங்கிவிட்டது. பிடுங்கியபோது பாதிதான் வந்தது. உள்ளே தங்கிய முள்ளோடேயே மூட்டை மூட்டையாகப் பொறுக்கினாள். இன்று கையுறையே ஏறவில்லை.

"மோதிரத்த வெட்டணும்மா. இல்லேன்னா விரல் செத்துரும்" என்று கம்பி வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தார் தோட்டத்துக் கம்பவுண்டர்.

"விரல வேணா வெட்டுங்க."

கூட வந்திருந்த பொனிரா சிரித்தாள். அவளும் அதே மரநிரையில் பழம் பொறுக்குகிறவள். "புருஷன் மேல அவ்ளோ ஆசையா?"

"ஆசையாவது! இது எங்கம்மா போட்டது அக்கா. வீட்ல வெச்சா சேவல் சண்டைக்குப் போயிரும். தோடு அப்படித்தான் போச்சு. அதான் முள்ளுக்குள்ளயும் கழட்டாம கெடக்கேன். துண்டாக்கிக் குடுத்தா அந்த மனுஷனுக்கு விக்கிறது இன்னும் லேசு."

பொனிரா கம்பவுண்டரிடம் நூலும் எண்ணெயும் கேட்டாள். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மிச்சத்தை நகம் வரை நெருக்கி இறுக்கிச் சுற்றினாள். பிறகு அடி முனையைப் பிடித்து மெல்லப் பிரிக்கப் பிரிக்க, மோதிரம் நூலின் மேல் ஊர்ந்தது.

"கத்துடி. மேஸ்திரி இங்க இல்ல."

கத்தவும் லெகியெமுக்குத் தெம்பில்லை. மோதிரம் முழுசாகக் கழன்றது. கம்பவுண்டர் விரலைக் கீறினார். சீழோடு கறுப்பு முள்நுனி வந்தது.

"விரல் பொழச்சுரும். ஆனா இனி முழுசா மடங்காது."

லெகியெம் தலையசைத்தாள். "அக்கா, மோதிரத்த நீயே போட்டுக்கோ. வீட்டுக்குக் கொண்டுபோனா தங்காது."

பொனிராவுக்குச் சுண்டுவிரலில்தான் ஏறியது.

"உங்க வீட்டுக்காரர் கேட்டா?" என்றாள் லெகியெம்.

"அவரு என் மூஞ்சியப் பாத்தே வருஷமாச்சு. விரலையா பாக்கப் போறாரு!"

லெகியெமின் வீட்டு வாசலில் அவள் கணவன் துகிஜன் சேவலைத் தடவிக்கொண்டிருந்தான். மனைவியின் கைக்கட்டைப் பார்த்ததும் எழுந்தான்.

"மோதிரம் எங்கடி?"

"வெட்டிட்டாங்க."

"துண்டு?"

"குப்பைல போட்டுட்டாங்க போல."

"தங்கத்தையா! அறிவிருக்கா உனக்கு?" சேவல் மேல் கூடையைக் கவிழ்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மருந்தகத்துப் பக்கம் பறந்தான்.

லெகியெம் அவன் போவதைப் பார்த்தாள். தனக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள். அதற்கும் அலுப்பாக இருந்தது. உள்ளே போய் ஒற்றைக் கையால் அரிசி களைந்து உலையில் போட்டாள். பிறகு கையுறையை எடுத்து, விறைத்து நிற்கும் விரலுக்காக அதன் மோதிரவிரலை மட்டும் கத்தரித்தாள்.

காலையில் நிரைக்குப் போகவேண்டும்.