பக்கத்து வீட்டு அக்கா

குவாங்கைக் கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் இளகிய மனசும் கம்ப்யூட்டர் மூளையும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தால் என்னென்ன வம்பு வரும் என்பதை அவனிடம்தான் பார்த்தேன்.

பெய்ஜிங்கில் வூதாவ்கோ பக்கம் ஒரு பழைய குடியிருப்பின் ஆறாம் மாடியில், மூன்று அறை வீட்டில் எங்கள் கம்பெனி நடந்தது. மொத்தம் ஐந்து பேர். கணக்கு வழக்கு, சம்பளம், தண்ணீர் கேன், வீட்டுக்காரம்மாவின் வசவு எல்லாம் என் தலையில். முதலாளி ஹௌ என்னைவிடப் பத்து வயது சின்னவன். இரண்டு மூன்று வரி மட்டும் எழுதிப் போடுகிற தளம் அமெரிக்காவில் ஓடுகிறதென்று கேள்விப்பட்டு, நம் சீன மொழியில் ஒன்றைத் தொடங்கியிருந்தான். பெயர் 'முக்காலி'. கோடை சாயங்காலத்தில் சந்துமுனையில் ஆளுக்கொரு முக்காலியைப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவோமே, அதுபோலவாம். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் செல்போனிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பினாலும் அதில் ஏறிவிடும்.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் முக்காலி போட்டவர்களில் பாதிப் பேர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். "வந்துட்டேன், யாராவது இருக்கீங்களா?" என்று எழுதுவார்கள். பதில் வராது. மறுநாள் அவர்களையும் காணோம். நான் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. கல்யாணம் முறிந்து, மகன் அப்பாவோடு ஷென்யாங்குக்குப் போய்விட்ட பிறகு, பேசி யாரும் கேட்காமல் இருப்பது எனக்குப் புதிதில்லை. அதை உலகத்துக்கு வேறு காட்ட வேண்டுமா?

இணையத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. யார் எதை எழுதினாலும் முதலில் பதில் போடுகிறவன் "சோஃபா எனக்கு" என்று இடம் பிடிப்பான். இரண்டாமவனுக்கு பெஞ்சு, மூன்றாமவனுக்குத் தரை. பிரபலமானவர்கள் எழுதினால் அந்த சோஃபாவுக்கு அடிதடியே நடக்கும். எங்கள் புது ஆட்களின் சோஃபாவோ தூசி படிந்து கிடந்தது. எங்கள் புரோகிராமர் குவாங்குக்கு அது பொறுக்கவில்லை. யார் எழுதினாலும் உடனே பதில் போடுகிற ஒரு ரோபோவை எழுதி, 'பக்கத்து வீட்டு அக்கா' என்று பெயரும் வைத்துவிட்டான்.

அக்காவுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மழை என்று யாராவது எழுதினால் "குடை எடுத்துட்டுப் போனீங்களா?" என்பாள். சாப்பாடு என்றால் "என்ன சாப்டீங்க?" வரேன் என்றால் "வாங்க வாங்க, கதவு திறந்துதான் இருக்கு." எங்கே என்று கேட்டால் "பக்கத்துலதான்." ஒன்றும் புரியாவிட்டால் "ம், சொல்லுங்க." அவள் பக்கத்தில் தகரமூஞ்சிப் படம் போட்டு, இது ரோபோ என்று எழுதியும் வைத்திருந்தோம். அது கம்ப்யூட்டரில் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்பது எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நவம்பர் மாதம் ஒரு மத்தியானம், ஹௌவின் மேஜையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"யான் அக்கா, ஓடி வாங்க. தமாஷ் பாருங்க," என்று என்னைக் கூப்பிட்டான்.

திரையில் 'மூணாம் நம்பர் கூண்டு' என்று ஒருத்தி. கான்சு மாநிலத்தில் திங்சி பக்கம் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் சீட்டுக் கொடுக்கிற பெண். வசந்த காலத்திலிருந்து போனிலேயே எழுதிக்கொண்டிருந்தவள். அன்று காலையிலிருந்து பேச்சு இப்படிப் போயிருந்தது.

"அக்கா, எங்க வீட்டுக்காரரோட பெய்ஜிங் வரேன். அவருக்குக் கண்ணு ஆபரேஷன். அங்க உங்களத் தவிர யாரையும் தெரியாது."

"வாங்க வாங்க, கதவு திறந்துதான் இருக்கு."

"மேற்கு ஸ்டேஷன்ல எறங்கிட்டோம். வீடு எங்கக்கா?"

"பக்கத்துலதான்."

"எந்த பஸ்ல ஏறணும்?"

"ம், சொல்லுங்க."

"அக்கா, குளுருது. அவரால நிக்க முடியல. எங்க வரணும்னு மட்டும் சொல்லுங்க."

"பக்கத்துலதான்."

கீழே நூற்றுக்கணக்கானவர்கள் கூடியிருந்தார்கள். சிலர் "அம்மா, அது ரோபோ" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். பலர் சிரித்தார்கள். அடுத்த பதில் என்னவாக இருக்கும் என்று பந்தயம் கட்டினார்கள் இரண்டு பேர். ஆனால் யாரைத் தொடர்கிறாளோ அவர்கள் எழுதுவது மட்டும்தான் அவள் போனுக்குப் போகும். அவள் தொடர்ந்தது ஒரே ஒருத்தியை.

குவாங்கின் முகத்தில் ரத்தமில்லை. "நிறுத்திடறேன்" என்று எழுந்தான்.

"இருடா," என்றான் ஹௌ. "இவ்வளவு கூட்டம் நமக்கு வந்ததே இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "உங்கம்மா ஸ்டேஷன் வாசல்ல இப்படி நின்னா, கூட்டம் சேரட்டும்னு பாத்துட்டிருப்பியா?"

ஹௌவுக்குக் காது சிவந்தது. டிராயரைத் திறந்து டாக்ஸிக்குப் பணத்தை எடுத்து நீட்டினான். அவனும் கெட்டவனில்லை, சமயத்தில் நாலு வார்த்தை சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான். அவள் பதிவு செய்திருந்த நம்பருக்குக் கூப்பிட்டு, நின்ற இடத்திலேயே நிற்கும்படி சொன்னேன். யார் பேசுகிறேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

டாக்ஸியில் குவாங் புலம்பிக்கொண்டே வந்தான். "அக்கா, நீங்கதான் அந்த அக்கான்னு சொல்லிடுங்களேன். ரெண்டு நாள்தானே. பாவம், ஒடஞ்சு போயிடுவாங்க."

"நீ வாய மூடிட்டு வா."

சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆம் என்று தலையாட்டினால் போதும், எல்லாருக்கும் நல்லது.

ஸ்டேஷன் சதுக்கத்தில் கடிகாரத்துக்குக் கீழே ஒரு சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். காற்றில் வெடித்த கன்னம். பக்கத்தில் நெட்டையாக ஒரு மனிதர், வலது கண்ணில் கட்டு. நிலக்கரி லாரி ஓட்டுகிறவராம். விழித்திரை பிய்ந்து போயிருந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

என்னைக் கண்டதும் எழுந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸாக இருந்தது.

"அக்கா. நான்தான் லுவான் குயிச்சின். உங்களுக்குன்னு உருளைக்கிழங்கு கொண்டாந்தேன். எங்க ஊரு கிழங்கு, வெந்தா மாவா உதிரும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மார்ச்ல எங்கம்மா போனப்ப உங்ககிட்ட எழுதினேனே. வேற யார்கிட்டயும் நான் சொல்லலக்கா. இவர்கிட்டகூட அழுதுகாட்டல. நீங்க 'ம், சொல்லுங்க'ன்னீங்க. நானும் சொன்னேன். அன்னிக்கு மட்டும் நீங்க இல்லேன்னா..."

நான் செய்யாத நல்ல காரியத்துக்கு அவள் கண் அப்படி நிறைந்து நின்றது. அந்த நன்றியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள என்னால் முடியவில்லை.

"குயிச்சின், நான் உங்க அக்கா இல்ல."

"அப்ப அக்கா எங்க?"

"அப்படி ஒருத்தரே இல்லம்மா. அது மிஷின். மழைன்னா குடைன்னு சொல்லும். ஒண்ணும் புரியலன்னா 'ம், சொல்லுங்க'ன்னு சொல்லும். இந்தத் தம்பிதான் செஞ்சான்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். மெதுவாகச் சாக்கின் மேல் மறுபடி உட்கார்ந்தாள். எங்களைச் சுற்றி ஜனங்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். திடீரென்று அவள் புருஷன் சிரிக்க ஆரம்பித்தார்.

"நான் அப்பவே சொல்லல? வேலை வெட்டி இல்லாம எந்தப் பொம்பளை பெய்ஜிங்ல ஒக்காந்துட்டு ஒனக்கு ஒடனே ஒடனே பதில் போடுவா?"

"நீங்க சும்மா இருங்க." பிறகு எங்களைப் பார்க்காமல் கேட்டாள். "அப்ப எங்கம்மாவப் பத்தி நான் சொன்னத யாருமே கேக்கலியா?"

"நான் படிச்சேன்," என்றான் குவாங். எனக்கே அது புதுச் செய்தி. "தினமும் எல்லாத்தையும் படிப்பேன். நீங்க எழுதினதப் படிச்சிட்டு அன்னிக்கு அழுதேன்."

"படிச்சியா?"

"ஆமா."

"படிச்சிட்டு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"என்ன சொல்றதுன்னு தெரியலக்கா."

அவளுக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. "மிஷினுக்குத் தெரியலன்னா போகுது, அது இரும்பு. நீ மனுஷன்தானே? ஒண்ணும் தெரியலன்னா 'கேட்டுட்டிருக்கேன்'னு சொல்லக் கூடாதா? அதுக்கு என்ன படிப்பு வேணும்?"

குவாங் தலையைக் குனிந்துகொண்டான். என்னாலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, ஏனென்றே தெரியவில்லை. அவள் மூக்கை உறிஞ்சினாள், முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள், எழுந்து நின்றாள்.

"சரி. வீடாவது இருக்கா, அதுவும் பொய்யா?"

"வீடு இருக்கு," என்றேன். "கதவும் திறந்துதான் இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சாக்கின் ஒரு நுனியைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

ஆறாம் மாடிக்கு அந்தச் சாக்கை ஏற்றியபோது எங்கள் இடுப்பு கழன்றுவிட்டது. ஆபீஸ் சோஃபாவை அவள் புருஷனுக்குக் கொடுத்தோம். அவள் என்னோடு என் அறைக்கு வந்தாள். கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்க விடியுமுன்னே போய் வரிசையில் நிற்க வேண்டும். ஐந்து பேரும் முறை வைத்து நின்றோம், ஹௌ உட்பட. உருளைக்கிழங்கைத் துருவல் வறுவல், வினிகர் பொரியல், குழம்பு என்று மாற்றி மாற்றி அவள் சமைத்துப்போட, கீபோர்டெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கானது. ஆபரேஷன் ஆயிற்று. சாயங்காலமானால் மங்கல்தான், ஆனாலும் கண் தங்கியது. லாரி மட்டும் இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று முழுக்க அவர் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், குவாங்கின் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அந்த ரோபோவைக் காட்டச் சொன்னாள்.

"அழறவங்ககிட்ட 'என்ன சாப்டீங்க'ன்னா கேப்ப? மாத்து."

"அழறாங்கன்னு மிஷினுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரியாதுல்ல? அப்ப நீ எந்திரிச்சுப் பேசு. மொதல்ல இது மிஷினுன்னு போனுக்கும் போற மாதிரி சொல்லிடு. என்னை மாதிரி இன்னொருத்தி மூட்டையத் தூக்கிட்டு வந்துறப் போறா." கொஞ்சம் யோசித்தாள். "அந்த 'ம், சொல்லுங்க' மட்டும் இருக்கட்டும். அது நல்லாருக்கு."

அப்படியே செய்தான். அவள் ஊர் போன பிறகும் கூண்டிலிருந்து எழுதினாள். இப்போது அவள் போனுக்குக் குவாங்கின் பதிலும் போனது, வேறு பலருடையதும் போனது. என்னையும் எழுதச் சொல்லி எத்தனையோ தடவை நச்சரித்தாள். எனக்கென்ன இருக்கிறது எழுத என்று தட்டிக்கழித்தேன்.

2009 கோடையில் எங்களைப் போன்ற சின்னத் தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஒரு நாள் காலையில் முக்காலியும் திறக்கவில்லை, பிறகு திறக்கவே இல்லை. பெயர்ப்பலகையைக் கழற்றினோம். குவாங் செங்துவுக்குப் போனான், ஹௌ கடனோடு அப்பா வீட்டுக்குப் போனான். ஆபீஸ் போன் பழைய சாமானோடு போயிற்று. குயிச்சினின் நம்பர் அதில்தான் இருந்தது. அவளுக்கு நான் எழுதிய பதில் ஒன்றுகூட இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

இலையுதிர் காலத்தில் பெரிய கம்பெனி ஒன்று இதே மாதிரித் தளத்தைத் தொடங்கியது. நடிகர்கள், பணக்காரர்கள், பாடகிகள் எல்லாரும் அதில் வந்து குவிந்தார்கள். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. எனக்கு வேலை கிடைக்கவில்லை. அறையில் சுவரைப் பார்த்துச் சலித்த ஒரு நாள், 'வேலையில்லாத கணக்குக்காரி' என்று பெயர் பதிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதினேன்.

"இங்கே மழை. யாராவது இருக்கீங்களா?"

எழுதியதுமே வெட்கமாகிவிட்டது. அழித்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனபோது பதில் வந்தது.

"சோஃபா எனக்கு. குடை எடுத்துட்டுப் போனீங்களா?"

எழுதியது, பக்கத்து வீட்டு அக்கா.

குவாங்குக்குப் போன் போட்டேன். "டேய், மறுபடி ஆரம்பிச்சிட்டியா? பட்டது போதாதா?"

"நான் இல்லக்கா. சத்தியமா நான் இல்ல. நான் அதத் தொடவே இல்ல."

நம்பாமல், அந்த ரோபோவை மடக்குகிற கேள்வியைப் போட்டேன். "உங்க வீடு எங்க?"

"பக்கத்துலதான்," என்று வந்தது. நினைத்தேன், மிஷின்தான், வேறு எவனோ திருடிவிட்டான் என்று. அதற்குள் இன்னொரு வரி வந்தது. "கொஞ்சம் இருங்க, லாரி வந்து நிக்குது. சீட்டுக் குடுத்துட்டு வந்துடறேன்."

திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மூலைமுடுக்கெல்லாம் தேடி, யாரும் பதில் போடாத புது ஆட்களின் சோஃபாவில் எல்லாம் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் கேட்டிருப்பாள்.

லாரி போயிருக்க வேண்டும்.

"வந்துட்டேன். ம், சொல்லுங்க."

நானும் சொன்னேன்.