ஆக்கியவள் பெயர்

1

பெயரைக் கேட்கிறார்கள். வெறும் பெயர் என்றால் பரவாயில்லை, இந்த ஊரில் என் பெயரில் இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள். அடையாள அட்டையின் படமும் வேண்டுமாம். நான்கு மூலையும் தெரிய வேண்டுமாம். வீட்டு முகவரி, போன் நம்பர். அட்டைப் படத்தில் என் முக்காடு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. ஆலையில் என் தையல் லைனில் யார் பார்த்தாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள், இது வூர்யானி என்று. பெர்சனல் ஆபீசரும் சொல்லிவிடுவார்.

இப்படி நினைத்ததாக வூர்யானி என்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சமையலறை மேசையில் போனை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மல்லிகைத் தேநீர் ஆறிவிட்டது. நான் அவளுக்குப் பின்னால் போய் அலமாரியிலிருந்து சர்க்கரை எடுத்தேன். அலமாரிக்கு அந்த வழியாகப் போக வேண்டியதில்லை. அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்ப்பதற்காகவே போனேன். ஒரு படிவம். முதல் கட்டம் காலியாக இருந்தது.

பார்க்கக் கூடாததைப் பார்த்ததில்தான் இந்தக் கதை தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வூர்யானி அவளுடைய பெயர் இல்லை. முதல் வரைவில் உண்மைப் பெயரை எழுதியிருந்தேன். பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைத் தேடி எல்லா இடத்திலும் மாற்றச் சொன்னேன். மூன்றாவது முறை படிக்கும்போது ஓரிடத்தில் அது அப்படியே இருந்தது. வேற்றுமை உருபு சேர்ந்து கடைசி எழுத்து திரிந்திருந்ததால் இயந்திரத்துக்குத் தெரியவில்லை. எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தேன். யாருக்காகத் தாழிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

2

தொடக்கங்கள்:

"ஜாவாவின் உங்காரான் மலையடிவாரத்தில், செமாராங் போகும் சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும் நீலக் கூரையோடு, ஒரு சட்டைத் தொழிற்சாலை—" (கூரையின் நிறத்தைச் சொன்னால் எது என்று தெரிந்துவிடும். வேண்டாம்.)

"ஆறு வருடமாக அவள் காலர் தைக்கிறாள்—" (ஆறு வருடம் காலர் தைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். வேண்டாம்.)

"தொழிற்பள்ளியில் கம்ப்யூட்டர் பிரிவு படித்த பெண்ணுக்குக் கிடைத்தது தையல் மெஷின்—" (இதையும் அடிக்க வேண்டும். ஆனால் அடித்தால் அவள் எப்படி ஒரு போன் ஆப்பை உருவாக்கினாள் என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கட்டும். அந்தப் பிரிவு படித்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் இங்கே நிறைய.)

கூரை நீலமில்லை, வருடம் ஆறில்லை, காலரும் காலர் இல்லை. உண்மையான விவரம் ஒன்றை எடுக்கும்போதெல்லாம் அவளுக்குப் பாதுகாப்பு கூடுகிறது, கதை மெலிகிறது. இதுவரை எழுதிய கதைகளில் நான் இதற்கு நேர்மாறாகத்தான் செய்துவந்தேன்.

அவள் என் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறாள். (இதுவும் மாற்றியதுதானா என்று கேட்காதீர்கள்.)

3

அவள் செய்த ஆப்பைத் திறந்தால் ஒரு காலண்டர் வரும். ஜாவாக்காரர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற அதே காலண்டர். ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் சந்தை வாரமும் பின்னிக் கிடக்கும்: லெகி, பஹிங், பொன், வாகே, கிளிவோன். கல்யாணத்துக்கு நாள் குறிக்க, பொருத்தம் பார்க்க, வீடு மாற. ஒரு பெண்ணின் போனில் இது இருப்பதைப் பார்த்து எந்த மேஸ்திரியும் சந்தேகப்பட மாட்டான்.

ஒரு வாகே நாளின் மேல் விரலை வைத்து ஐந்து எண்ணும்வரை எடுக்காமல் இருந்தால் இன்னொரு பக்கம் திறக்கும். அங்கே யார் எழுதியது என்றே இல்லாத வரிகள்.

துணிக் கிடங்கு. மதியம் இரண்டுக்கு மேல் தனியாகப் போகாதே.

ஏழாவது லைன். தையல் பார்க்கிறேன் என்று பின்னால் வந்து குனிவான். நீ உடனே எழுந்து நின்றுவிடு.

கழிப்பறைச் சாவி வைத்திருப்பவன் சிரித்தால் திரும்பி வந்துவிடு. அடக்கிக்கொள்.

இவ்வளவுதான் ஆப். உடை மாற்றும் அறையில் போனோடு போனை ஒட்டிவைத்து ஒருத்தி இன்னொருத்திக்கு அனுப்புவாள். அது எந்த ஆப் கடைக்கும் போனதில்லை. எந்தக் கடையிலிருந்தும் வந்ததில்லை. வூர்யானி போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு மூன்று மாத ஒப்பந்தம்தான்; அது முடிந்ததும் பழைய பெண்கள் போய்விடுவார்கள், புதியவர்கள் வருவார்கள். கிடங்குக்கு அனுப்பப்படுவது எப்போதும் புதியவர்கள்தான்.

அதனால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முக்கியமாகிறது. அன்றிலிருந்து இந்த நாட்டு போன்கள், செய்தவர் பெயரும் அட்டையும் கொடுத்துப் பதியாத ஆப் எதையும் உள்ளே விடாது.* ஏற்கெனவே உள்ளே இருப்பது இருக்கும். புதிய பெண்ணின் போனில் ஏறாது. வூர்யானி பதியாவிட்டால், மூன்று மாதத்தில் அந்த ஆலையில் புதியவள் எவளிடமும் அந்தக் காலண்டர் இருக்காது.

* சுற்றுவழி ஒன்று உண்டு என்கிறார்கள். நாலைந்து எச்சரிக்கை, பிறகு ஒரு நாள் காத்திருப்பு. 'உங்களை யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள்' என்று போனே சொன்ன பிறகும், முதல் நாள் வேலைக்கு வந்த பதினெட்டு வயதுப் பெண், அன்றைக்குத்தான் பார்த்த ஒருத்தியை நம்பிக் காத்திருப்பாளா?

4

இந்த இடத்தில் விதியைப் போட்டவர்களை வில்லனாக்கினால் கதை எனக்குச் சுலபமாகிவிடும். ஒரு பத்தி அப்படி எழுதியும் பார்த்தேன். வூர்யானிக்குப் படித்துக் காட்டியபோது, அம்மாவை விட்டுட்டீங்களே என்றாள்.

அவள் அம்மா போயோலாலியில் பால் மாடு வைத்திருக்கிறாள். இரண்டு வருடம் முன்பு அவளுக்கு ஒரு செய்தி வந்தது. இரண்டு புறா, பூவளையம், 'எங்கள் இல்லத் திருமணம்', கீழே ஒரு ஃபைல். தெரியாத நம்பர். ஆனால் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறார்கள். யாரோ மாமன் வழியாக இருக்கும், நமக்குத்தான் மறந்திருக்கும், திறக்காமல் விட்டால் என்ன நினைப்பார்கள்? திறந்தாள். அது காகிதம் அல்ல, ஆப். அனுமதி கேட்ட இடத்திலெல்லாம் சரி, சரி என்று அழுத்தினாள். அழைத்தவர்களிடம் வேறென்ன சொல்வது?

வங்கியில் இருந்தது போயிற்று. அதைவிட மோசமானது மறுநாள் நடந்தது. அவள் போனிலிருந்து அதே அழைப்பு அவளுக்குத் தெரிந்த எல்லோருக்கும் போயிருந்தது. மூன்று பேர் மொய்யாக அரிசியும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டபடி. இன்னும் இரண்டு பேர் அந்த ஃபைலைத் திறந்து அவர்களும் இழந்திருந்தார்கள். அம்மா ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். இப்போது போனைத் துணியில் சுற்றிவைத்திருக்கிறாள். மணி அடித்தால் பக்கத்து வீட்டுப் பெண்தான் வந்து எடுக்க வேண்டும்.

மதிய உணவு இடைவேளையில் வூர்யானிக்கும் அந்த அழைப்பு வந்தது, அம்மாவின் பெயரோடு. கட்டைவிரல் அதன் மேல் இருக்கும்போதுதான், நம் வீட்டில் கல்யாணத்துக்கு யாரும் இல்லையே என்று தோன்றியதாம்.

"இந்த விதி எங்கம்மாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும், இபு," என்றாள். இபு என்றால் அம்மா. வயதில் பெரியவளை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அத நான் எப்படித் தப்புன்னு சொல்றது?"

ஆகவே வில்லன் பத்தியை எடுத்துவிட்டேன். அதை எடுத்தபின் பயம் குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது.

5

போன செவ்வாய்க்கிழமை பெர்சனல் ஆபீசர் நான்கு புதிய பெண்களைக் கூப்பிட்டு போன்களை மேசையில் வைக்கச் சொன்னார். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். காலண்டரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். எனக்குக் கார் வாங்க நல்ல நாள் பார்த்துச் சொல்லு என்று ஒரு பெண்ணிடம் நீட்டினார். அவள் வாகே நாளைத் தொடாமல், ஒரு பொன் நாளைக் காட்டினாள். போன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிகவும் அன்பாக, செய்தது யார் என்று தனக்குத் தெரியும் என்றும், அவளே வந்து சொன்னால் அவளுக்கு நல்லது, இல்லாவிட்டால் அவதூறு வழக்கில் ஜெயில்தான் என்றும் சொன்னாராம்.

தெரியுமா, தெரியாதா? வூர்யானி அன்று முழுக்க இதையே தைத்தாள். (இப்படி ஒரு வாக்கியம் வந்தால் அடித்துவிடுவேன். இன்று விட்டுவைக்கிறேன், உண்மை என்பதால். அவள் தைத்த காலர் ஒன்றுகூடத் தேறவில்லை.)

அதே ஞாயிற்றுக்கிழமை ஹார்த்தினி வந்தாள். லைனிலேயே மூத்தவள். ஒரு பொட்டலம் கறி அடைத்த டோஃபுவும் பச்சை மிளகாயும் கொண்டுவந்து, மேசையில் பிரித்துவைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து படிவத்தைப் பார்த்தாள்.

"இன்னும் முதல் கட்டத்துலயேதான் நிக்கிறியா? இதுக்குள்ள நான் ஒரு டஜன் சட்டை தச்சிருப்பேன்."

"போன் கம்பெனி பேர வெளிய சொல்லாதுங்கிறாங்க, ம்பா," என்றாள் வூர்யானி. அக்காவுக்கு இங்கே ம்பா. "ஆனா கேஸ் போட்டு போலீஸ் கேட்டா?"

"கேட்டா சொல்லும். பின்ன உனக்காக அது ஜெயிலுக்குப் போகுமா?"

வூர்யானி மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். கடிக்கவில்லை.

"இவ்வளவு பயந்தவ ஏன்டி செஞ்ச?" என்று ஹார்த்தினி கேட்டாள். கேலியாகத்தான் தொடங்கினாள். பிறகு குரல் மாறிவிட்டது. "நாப்பது புள்ளைங்க வருது ஒண்ணாந்தேதி. என் பேர்ல போடுன்னு சொல்லிடுவேன். ஆனா என் பையன் பேக்கிங்ல இருக்கான், வூர். அவன் மேல கைய வைப்பாங்க."

ஹார்த்தினியின் கண் மெதுவாக என் பக்கம் திரும்பியது. நான் அந்த ஆலையில் வேலை செய்யவில்லை. என் பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை. என் பெயர் அந்தப் படிவத்தில் இருந்தால் பெர்சனல் ஆபீசரால் யாரை என்ன செய்ய முடியும்?

அடுப்பைக் குறைத்தேன். ஏற்கெனவே குறைவாகத்தான் எரிந்தது.

6

முடிவுகள்.

(அ) "என் பெயரில் போடு" என்று அப்போதே சொன்னேன். இதைத்தான் முதலில் எழுதினேன். தடங்கலில்லாமல் வந்தது, படிக்கவும் நன்றாக இருந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. நான் சொல்லவில்லை. நான் இந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது வருடமாக இங்கே இருக்கிறேன். ஆனாலும் வெளிநாட்டுக்காரி. தங்குவதற்கான என் அட்டையை ஒரு கையெழுத்தில் ரத்து செய்துவிடலாம். அடுப்பருகே நின்றிருந்தபோது அந்தப் பெண்களின் முகம் என் நினைவில் வரவில்லை. குடிவரவு அலுவலகத்தின் பச்சை நாற்காலிகள்தான் வந்தன.

(ஆ) அவள் தன் பெயரையே பதிகிறாள். எதுவும் நடப்பதில்லை. எங்கோ ஒரு கணினியில் அவள் முகம் கோடி முகங்களுக்கு நடுவே தூங்குகிறது. நடக்கக்கூடியது இதுவாகவே இருக்கலாம். ஆனால் பயப்படுகிறவளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

(இ) செவ்வாய்க்கிழமை காலை, ஷிஃப்டுக்கு முன்னால், கேட்டில் அவள் தன் அட்டையைத் தேய்த்தபோது விளக்கு பச்சையாக மாறாமல்—

இதை மூன்று முறை தொடங்கினேன். அந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் என்னால் போக முடியவில்லை.

7

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த ஒன்றாம் தேதி கடந்திருக்கும். அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். அது இந்தக் கதையில் இல்லை. நீங்கள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்தை யார் யார் திறப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான்கு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்தாள். மழை வரப்போகிற வெளிச்சம். இதுவரை எழுதியதை நான் வாய்வழியாக மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லக் கேட்டாள். ஓரிடத்தில் அவள் அழுததாக எழுதியிருந்தேன், அழவில்லை என்றாள். எடுத்துவிட்டேன். தன்னைவிட ஹார்த்தினி நன்றாகப் பேசுகிறாள் என்று குறைபட்டுக்கொண்டாள். முடிவு (அ)வைச் சொன்னபோது முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"இது நடக்கலையே, இபு."

"நடக்கலை," என்றேன்.

பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்துவந்தேன். என் தங்கும் அட்டையை வெளியே எடுத்து, மேசையில், அவள் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். வைக்கும்போது அது போனின் கண்ணாடியில் பட்டுச் சத்தம் எழுப்பியது.

"இதப் போடு. நாலு மூலையும் தெரியுது."

அவள் அட்டையைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். அதில் உள்ள என் பழைய படத்தையா, அல்லது கடைசித் தேதியையா, தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"எனக்காக வைக்கிறீங்களா, இல்ல உங்க கதைக்கு முடிவு வேணும்னு வைக்கிறீங்களா?"

இரண்டும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே அது நிச்சயமில்லை. ஞாயிற்றுக்கிழமை அடுப்பருகே நின்ற என்னை அழிக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. அதைச் சொல்லவில்லை. அவள் கோபப்படவும் இல்லை. காத்திருந்தாள், பிறகு காத்திருப்பதை நிறுத்தினாள்.

படிவத்தை மூடினாள். ஒற்றை விரலால் என் அட்டையை மேசையின் மறுபக்கத்துக்கு, என் கைக்கு அருகே நகர்த்தினாள்.

"உள்ள எடுத்து வைங்க, இபு," என்றாள். "ஈரம் பட்டுடும்."