கேரட்டில் பதிந்த கோடுகள்

மாலை ஆறு மணிக்குத் தேர் புறப்பட வேண்டும். மத்தியானத்திலேயே என் தங்கை ஷாமினியின் சாக்ஸபோன் ஊமையாகிவிட்டது.

மலேசியாவில், லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், தேருக்கு முன்னால் எப்போதும் நாதஸ்வரம்தான் போகும். இந்த வருஷம் வரவேண்டிய வித்துவான் காய்ச்சலில் படுத்துவிட்டார். தகவல் வந்த அன்றே ஷாமினி கோயில் தலைவர் தங்கராஜு மாமாவிடம் போய், "நான் வாசிக்கிறேன் மாமா" என்றாள். அதுவரை அவள் வாசித்ததெல்லாம் கல்யாண விருந்துகளில், ஜனங்கள் பிரியாணி சாப்பிடும்போது, மேடை ஓரத்தில். தேருக்கு முன்னால் நடந்து வாசிக்க வேண்டும் என்பது அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருப்பது.

மாமா தாடையைச் சொறிந்தார். "வாசி. ஆனா அஞ்சு மணிக்கு நான் வந்து கேப்பேன். கீச்சு மூச்சுனு கத்துச்சுனா லாரியில ஸ்பீக்கர் கட்டி கேசட் பாட்டு போட்டுடுவேன், தெரியும்லா?"

அதைக் கெடுத்தது அர்ச்சுனன். அவளோடு தவில் வாசிக்கிறவன், எங்கள் சித்தப்பா மகன். தவில் தோலை ஸ்பேனர் போட்டு முறுக்கிப் பழகிய கை. சாக்ஸபோன் வாய்ப்பகுதியில் இருக்கும் குட்டித் திருகு லேசாக ஆடுவதைப் பார்த்திருக்கிறான். உதவி செய்கிற நினைப்பில் பிளையர்ஸ் எடுத்து ஒரு முறுக்கு. திருகின் புரி வழுக்கிப்போய், பட்டை விரிந்து, கையோடு வந்துவிட்டது.

"தவில்னு நெனச்சியாடா? இதையும் நாலு பேரு ஏறி நின்னு முறுக்குறதுதானே!" என்று ஷாமினி கத்தியது கோயில் வாசல்வரை கேட்டது.

அந்தப் பட்டைக்கு லிகேச்சர் என்று பெயர். பார்த்தால் ஒன்றுமில்லாத சாமான். அது செய்யும் வேலையைச் சொல்கிறேன். சாக்ஸபோனில் வாய் வைக்கும் கறுப்புத் துண்டு, மவுத்பீஸ், அடிப்பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். அந்தத் தட்டையில் நாணல் தகடு ஒன்றை வைப்பார்கள். அதுதான் ரீடு. அடி தடிமன், நுனி காகிதம்போல. நுனிக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. ஊதும்போது நுனி துடித்து அந்த இடைவெளியை ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை மூடித் திறக்கிறது. சத்தம் பிறப்பது அங்கேதான். மற்ற பித்தளை எல்லாம் அதை வளர்த்து வெளியே அனுப்புகிறது, அவ்வளவே. ஆக, ரீடின் அடியை அசையாமல் பிடிக்க வேண்டும், நுனியைத் தொடவும் கூடாது. இந்த இரண்டையும் செய்வது லிகேச்சர். ரீடு கொஞ்சம் சாய்ந்தாலும் காற்று பக்கவாட்டில் கசிந்து கிறீச்சென்று கத்தும்.

அர்ச்சுனன் பயந்துபோய் நூலால் சுற்றிக் கட்டினான். நூலும் போதும்தான், கட்டத் தெரிந்தவர்கள் கட்டினால். ஷாமினி நின்று வாசித்தபோது நன்றாகவே இருந்தது. நாலு அடி நடந்தாள். நூல் நெகிழ்ந்து ரீடு நகர்ந்தது. வந்த சத்தத்தில் கோயில் நாய் எழுந்து ஓடியது.

"சிரம்பான்ல போய் வாங்கணும்," என்றாள் ஷாமினி. உடனே தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

மஞ்சள் கயிறு. காப்பு கட்டியவர்கள் தேர் நிலைக்கு வரும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. அவளுக்கும் காப்பு, அர்ச்சுனனுக்கும் காப்பு. நான் நீலாய் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்ததால் எனக்குக் கட்டவில்லை.

"நான் போறேன். மவுத்பீஸக் கழட்டிக் குடு."

"அண்ணே, சாக்ஸபோனுக்கும் காப்பு கட்டியாச்சு. அதுல ஒரு துண்டு வெளிய போனாலும் மாமா என்னைய வாசிக்க விடமாட்டாரு."

உண்மைதான். கருவியின் கழுத்திலும் மஞ்சள் கயிறு, ஒரு துண்டு மஞ்சளோடு. ஆனால் அளவு இல்லாமல் போய் லிகேச்சர் வாங்க முடியாது. ஒவ்வொரு மவுத்பீஸும் ஒவ்வொரு பருமன், மேலே போகப் போகக் குறுகும். அவளுடையது பழைய மாடல், கொஞ்சம் குண்டு.

அன்னதானக் கொட்டகையில் செல்லம் அக்கா சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அங்கே கிடந்த கேரட்டைப் பார்த்ததும் எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. அதுவும் உருளை, அதுவும் மேலே போகப் போகக் குறுகுகிறது! நல்ல தடியான ஒன்றை எடுத்து, மவுத்பீஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சீவினேன். அடிப்பக்கம் தட்டை. பழைய பட்டை உட்காரும் இடத்தில் கத்தியால் ஒரு கோடு. ஷாமினியின் பழைய ரீடு ஒன்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"எங்கடா தூக்கிட்டுப் போற என் கேரட்ட?"

"சாமி காரியம், அக்கா!"

மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு சிரம்பான் போய்ச் சேர்ந்தேன். தெமியாங் பக்கம் யோகேந்திரன் என்பவர் கடை. பெரும்பாலும் கிட்டாரும் கீபோர்டும். நான் கேரட்டை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தேன்.

"பாஸ், காய்கறி பசார் அந்தப் பக்கம்," என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. கடையிலிருந்த மவுத்பீஸ்கள் எல்லாம் ஒல்லி, எங்கள் அளவுக்கு உதவாது. ஆனால் லிகேச்சர் மூன்று வகை கொண்டுவந்து வைத்தார். தங்க முலாம் பூசிப் பூவேலை செய்தது ஒன்று. தோல்வார் மாதிரி, ஒரே திருகோடு ஒன்று. சாதாரண வெள்ளைத் தகட்டில் இரண்டு திருகோடு ஒன்று.

"ஒன்னுதான் எடுக்கணும். வாய் வைக்கிற சாமான், திருப்பி வாங்க மாட்டேன்."

கையில் இருந்ததும் ஒன்றுக்குத்தான். ரீடு வைக்காமல், வெறும் கேரட்டில் ஒவ்வொன்றாக மாட்டினேன். மூன்றும் கோடுவரை இறங்கின. மூன்றும் இறுகின. கடைசியாகத் தங்கத்தை மட்டும் தட்டையில் ரீடை வைத்தும் இறுக்கினேன். வீடியோ காலில் ஷாமினியைக் கூப்பிட்டேன்.

"மூணும் சரியா இருக்கு. தங்கத்தையே எடுக்கவா? பாக்க ஜோரா இருக்கு."

"அண்ணே, கேரட்டு மெத்துனு இருக்கு. அதுல எது இறுகாது சொல்லு?" அவள் குரல் உடைந்தது. பின்னால் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "ஸ்பீக்கர் ஏத்துறாங்க. ஏதாச்சும் ஒன்ன எடுத்துட்டு வா லா."

ஃபோனை வைத்துவிட்டு, மனம் இல்லாமல் தங்கப் பட்டையைக் கழற்றினேன். ரீடு கீழே விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். கேரட்டின் தட்டையில் ரீடின் விளிம்பு கோடாகப் பதிந்திருந்தது! இடப்பக்கம் ஆழமான கோடு. வலப்பக்கம் கோடே இல்லை.

கேரட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மெத்தென்று இருப்பது குறை இல்லை, அதுதான் விசேஷம்! கல்மாதிரி மவுத்பீஸில் எங்கே எவ்வளவு அழுத்துகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கேரட் அதை எழுதிக் காட்டுகிறது. தங்கப் பட்டை ஒரு பக்கம்தான் அமுக்குகிறது. மறுபக்கம் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது.

"கத்தி குடுங்க அண்ணே, கத்தி!"

யோகேந்திரனுக்கும் தொற்றிக்கொண்டது. பேனாக்கத்தி எடுத்துத் தட்டையை லேசாகச் சீவிப் புதுசாக்கினார். அடுத்து தோல்வார். கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கத்தில் இரட்டைக் கோடு.

"இது ஏன் ரெண்டு?" என்று கேட்டார்.

"திருகும்போது வார் ரீட சேத்து இழுத்துட்டுப் போகுது. மொதல்ல இங்க இருந்திருக்கு, முறுக்க முறுக்க இங்க வந்திருக்கு."

"அலாமாக்! நான் பத்துப் பேருக்கு வித்திருக்கேன் லா இத."

"வேற மவுத்பீஸ்ல நல்லாவே நிக்கும் அண்ணே. இந்தக் குண்டுக்குத்தான் ஒத்துவரல."

மறுபடி சீவினார். கடைசியாகச் சாதாரணத் தகடு. இரண்டு திருகையும் விரலால் மட்டும் இறுக்கி, பிறகு கழற்றினேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கோடு. ஒரே ஆழம், தண்டவாளம் மாதிரி நேராக. நாங்கள் இருவரும் கடை அதிரக் கத்தினோம். கிட்டார் பார்த்துக்கொண்டிருந்த சீனப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

சத்தம் இனிக்குமா என்று கேரட் சொல்லாது. ரீடு நேராக நிற்கும் என்று சொல்லிவிட்டது. எங்களுக்கு வேண்டியது அது.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது ஐந்து மணி தாண்டியிருந்தது. லாரியில் ஒருவர் "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" சொல்லிக்கொண்டிருந்தார். தங்கராஜு மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஷாமினி ரீடை நாக்கில் நனைத்தபடி தயாராக இருந்தாள். பட்டையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இதா? சாதாவா இருக்கே."

"மாட்டு."

ரீடின் அடிப்பக்கத்தில் பட்டையை இறக்கினாள். கீழ்த் திருகு கொஞ்சம், மேல் திருகு அதைவிடக் குறைவு. அர்ச்சுனன் எட்டிப் பார்த்தான். "தள்ளிப்போ!" என்று நாங்கள் எல்லாரும் ஒன்றாகச் சொன்னோம். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவள் ஊதினாள். அடி ஸ்வரம், தடிமனாக, நடுக்கமில்லாமல் வந்தது. அதிலிருந்து வழுக்கிக்கொண்டு மேலே ஏறினாள். கொட்டகையில் பாத்திரச் சத்தம் நின்றது.

மாமா முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "நின்னு யார் வேணா வாசிப்பாங்க. நடந்து வாசி."

செம்மண் பாதையில், ஜல்லி குத்தும் வெறுங்காலோடு கோயிலைச் சுற்றி நடந்தாள். நான் ரீடை மட்டுமே பார்த்துக்கொண்டு அவளுக்கு முன்னால் பின்னோக்கியே நடந்தேன். ஒரு கல்லில் குதிகால் இடித்து நான்தான் விழப்போனேன். அவள் சத்தம் பிசகவில்லை. இரண்டாம் சுற்றில் அர்ச்சுனன் பொறுக்கமாட்டாமல் தவிலை மாட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டான்.

மாமா லாரிப் பக்கம் திரும்பினார். "டேய், அந்த ஹலோவ நிப்பாட்டு. ஸ்பீக்கர எறக்கிட்டு லாரிய ஓரமா போடு, தேருக்கு வழி வேணும்."

வடம் பிடித்தார்கள். தேர் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அதற்கு முன்னால் ஷாமினி. வரிசை வீடுகள் இருக்கும் லயத்து முனையில் ரோட்டில் பள்ளம் ஒன்று இருக்கிறது. அவள் உச்சத்தில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கால் அதில் இறங்கி, உடம்பே ஆடியது. நான் ரீடைப் பார்த்தேன். ஸ்வரம் அறுபடவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். சிரித்தால் காற்று போய்விடும். அதனால் கண்ணால் மட்டும் சிரித்துவிட்டு, அந்த ஸ்வரத்தை இன்னும் மேலே தூக்கினாள்.