குனியாத வரைக்கும் நல்ல குதிரை

குதிரையின் வாயைத் திறந்து பல் பார்க்கும்போது மட்டும் தாஷ்தானின் முகத்தில் ஒரு பொறுமை வரும். அவன் மனைவி புருல் அதை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் கோடையில்தான் அது அவளுக்குப் பொறுக்க முடியாததாகப் போனது.

குதிரை தேடியது டாக்டருக்காக.

டாக்டர் சைகால் தலைநகரத்துப் பெண். முப்பது வயதிருக்கும். ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. பனி உருகியதும் ஊரில் பாதிப்பேர் மந்தைகளை ஓட்டிக்கொண்டு மேலே மேய்ச்சல் வெளிக்குப் போய்விட்டார்கள். ஜீப் ஆற்றங்கரை வரைக்கும்தான் போகும், அதற்குமேல் குதிரை. குழந்தைகளுக்கு ஊசி போட அவள் கூடாரம் கூடாரமாகப் போயாக வேண்டும். குதிரைமேல் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. குதிரை விஷயம் என்றால் ஊரே கைகாட்டும் தாஷ்தானிடம் நேராக வந்தாள்.

"அண்ணே, எனக்கு ஒரு குதிரை பாத்துக் குடுங்க. அழகா இருக்கணும்னு இல்ல. என்னைக் கொல்லாம இருந்தாப் போதும்."

தாஷ்தான் சிரித்தான். "வயசான குதிரையாத்தான்மா பாக்கணும். உனக்கும் ஒண்ணும் தெரியாது, குதிரைக்கும் ஒண்ணும் தெரியாதுன்னா ரெண்டு பேரையும் ஆத்துலேர்ந்துதான் எடுக்கணும். பதினஞ்சு வயசுக்கு மேல இருக்கணும். நீ ஏறி முடிக்கிற வரைக்கும் அசையாம நிக்கணும். நாய்க்கும் தண்ணிக்கும் பயப்படக் கூடாது. நீ கடிவாளத்தைத் தப்பா இழுத்தாலும் மன்னிக்கணும். நான் பாக்குறேன், நீ கவலைப்படாத."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த புருலின் கை நின்றது.

இவ்வளவும் இவனுக்குத் தெரியுமா?

பத்தொன்பது வயதில் அவள் தெற்கே பருத்தி விளைகிற ஊரிலிருந்து வாழ வந்தவள். கழுதைவண்டியைத் தவிர எதிலும் ஏறியதில்லை. வந்த வாரமே தாஷ்தான் அவளை ஒரு மூன்று வயதுக் குட்டிமேல் தூக்கி உட்காரவைத்தான். அதற்குச் சேணம் பழகியே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அது போட்ட ஆட்டத்தில் அவள் விழுந்தாள், ஏறினாள், மறுபடி விழுந்தாள். வேலியில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் அதிகம் சிரித்தவன் அவன்தான். "விழுந்தாத்தான் வரும்" என்றான். வந்தது. இன்றைக்கு அவள் தூங்கிக்கொண்டே ஆறு தாண்டுவாள். அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேறு வழி தெரியாது என்று நினைத்துத்தான் அன்றைக்கு அவனை மன்னித்திருந்தாள். தெரிந்தே இருந்திருக்கிறது. அவள் விஷயத்தில் அவன் அவ்வளவு யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தாஷ்தான் ஊர் ஊராக அலைந்தான். ஒரு குதிரைக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. ஒன்று பாலத்தைக் கண்டால் நின்றுவிட்டது. ஒன்று எல்லாவற்றிலும் சரியாக இருந்து, கடைசியில் பெண்கள் குரலைக் கேட்டால் காதை மடக்கியது. இரவுச் சாப்பாட்டில் இதே பேச்சு.

"அந்த வெள்ளைக்கு முதுகு கொஞ்சம் உயரம். அந்தப் பொண்ணுக்குக் கால் எட்டாது."

அந்தப் பொண்ணின் கால் எவ்வளவு நீளம் என்று இவன் எப்போது பார்த்தான்? புருல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே யோசித்தாள். என் காலின் நீளம் இவனுக்குத் தெரியுமா?

அதைவிட மோசம், கொண்டுவந்த குதிரைகளைச் சோதிக்க அவன் அவளைத்தான் ஏறச் சொன்னான்.

"ஏறு. ஒண்ணும் தெரியாதவ மாதிரி உக்காரு. அப்படி இல்ல, இன்னும் மூட்டை மாதிரி. கடிவாளத்தைக் கோணலா இழு. பயந்தவ மாதிரி கால இறுக்கு."

அவள் மூட்டைபோல் உட்கார்ந்தாள். டாக்டராக நடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு குதிரையின் முகத்தையும் காதுகளையும் உற்றுப் பார்த்துக்கொண்டு தாஷ்தான் பக்கத்திலேயே நடந்தான். மேலே இருந்தவளை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

பக்கத்து வீட்டு கனிஷாய் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கூப்பிட்டாள். "என்னடி புருல், உம் புருஷன் டாக்டருக்குக் குதிரை பாக்குறானா, மாப்பிள்ளை பாக்குறானா?"

"ரெண்டுக்கும் பல்லுதான் பாப்பாங்க" என்றாள் புருல்.

கனிஷாய் விழுந்து விழுந்து சிரித்தாள். புருலும் சிரித்தாள். சிரித்து முடித்தபிறகு நெஞ்சில் ஏதோ காந்தியது.

சைகால்மேல் கோபம் வந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அந்தப் பெண் வரும்போதெல்லாம் "அக்கா, நான் கழுவுறேன்" என்று கிண்ணங்களைப் பிடுங்கிக்கொள்வாள். தாஷ்தானை அவள் ஒரு சித்தப்பாவைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தாள். அவனும் அப்படித்தான். புருலுக்கு அது தெரிந்தே இருந்தது. அவள் பொறாமைப்பட்டது ஆண் பெண் சமாச்சாரம் எதற்காகவும் இல்லை. யாரோ ஒருத்தி விழக் கூடாது என்று அவன் இரவு படுத்துக்கொண்டு யோசிக்கிறானே, அதற்காக. அப்படி யோசிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் கனிஷாய் மாதிரி சிரிப்பார்கள்.

ஒரு மாலை தாஷ்தான் வெறுங்கையோடு திரும்பிவந்து கொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஊரெல்லாம் தேடிட்டு வீட்ல இருக்கறத மறந்துட்டேன் பாரு. நம்ம செவலையையே குடுத்துடலாம்."

செவலை அவனுடைய குதிரை. பதினேழு வயது. பத்து வருஷம் கோக்போரு ஆட்டத்தில் அவனைச் சுமந்தது. தரையில் கிடக்கிற ஆட்டுடலை ஓடுகிற குதிரையிலிருந்து குனிந்து தூக்கி, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டுபோய் எல்லைக்குழியில் போடும் ஆட்டம் அது. தாஷ்தானுக்குத் தோள் போனபிறகு இரண்டு பேருமே ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். இப்போது செவலை வெயிலில் கீழுதடு தொங்க நின்றுகொண்டே தூங்கும். கோழிகள் அதன் காலடியில் மேயும். அதன்மேல் வேறு யாரையும் அவன் ஏறவிட்டதில்லை. புருல் கேட்டதற்கு, "பால் கறக்கப் போறதுக்கா செவலை?" என்றவன்.

"அதையா?" என்றாள் புருல்.

"ஏன், என்ன குறை? வா, ஏறிப் பாரு."

அவளுக்கு அதன் குறை தெரியும். போன வருஷம் முதல் பனி விழுந்த அன்று தாஷ்தான் பட்டணம் போயிருந்தான். தப்பிப்போன பசுவைத் தேட அவள் செவலையை எடுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. அவள் தலைத்துணி நழுவி விழுந்தது. சேணத்திலிருந்தே குனிந்து அதை எடுக்கப்போனாள். அவள் உடம்பு பக்கவாட்டில் சாய்ந்ததுதான் தாமதம், தூங்குமூஞ்சிச் செவலை அம்புபோலப் பாய்ந்தது. பத்து வருஷப் பழக்கம். சாய்கிறவன் ஆட்டைத் தூக்கிவிட்டான், இனி ஓட வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அவள் கல்மேல் விழுந்தாள். இடது மணிக்கட்டு ஒடிந்தது. சொல்லாமல் குதிரையை எடுத்ததற்குப் பயந்து, பனியில் வழுக்கிவிட்டது என்றாள். "பாத்து நடக்கக் கூடாதா, துணியைச் சுத்திக் கட்டு" என்றான். அது கோணலாகக் கூடியது. அன்றுமுதல் அவள் ஒற்றைக் கையால்தான் மாவு பிசைகிறாள். அவன் கவனிக்கவில்லை.

தாஷ்தானுக்கு இந்தக் குறை தோன்றவே தோன்றாது. அவனுக்குச் சாய்வதும் பாய்வதும் ஒரே அசைவு. கை வாய்க்குப் போவதுபோல. அதைக் குதிரை தனியாகச் செய்கிற ஒன்றாக அவன் நினைத்தே பார்த்ததில்லை.

புருல் ஏறினாள். மூட்டைபோல் உட்கார்ந்தாள். கடிவாளத்தைக் கோணலாக இழுத்தாள், கத்தினாள், கால்களை இறுக்கினாள். செவலை எல்லாவற்றையும் மன்னித்தது. முற்றத்தில் பால் வாளி கிடந்தது. ஒரே ஒரு தடவை அதை நோக்கிச் சாய்ந்தால் போதும்.

தாஷ்தான் குதிரையின் கழுத்தைத் தட்டினான். "இதைவிடப் பத்திரமான இடம் அவளுக்கு உலகத்துல கிடையாது" என்றான். குரலே குழைந்திருந்தது.

புருல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். "நல்ல குதிரைதான்" என்றாள்.

பால் வாளியைப் பார்க்காமல் இறங்கினாள். யாரும் எதற்குக் குனியப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டாள். விழுந்தாத்தான் வரும் என்றும் சொல்லிக்கொண்டாள். அதைச் சொன்ன குரல் அவளுடையதாகவே இல்லை.

சைகால் கிளம்புகிற காலையில் கனிஷாய்கூட வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். புருல் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகளை ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள். தாஷ்தான் கால் வைக்கிற அங்கவடியின் வாரைச் சுருக்கி, அவிழ்த்து, மறுபடி சுருக்கினான்.

"அண்ணே, சவப்பெட்டிக்கு அளவெடுக்கிற மாதிரி இருக்கு" என்றாள் சைகால்.

"வாய மூடிட்டு ஏறும்மா."

ஏறிவிட்டாள். செவலை காதைக்கூட அசைக்கவில்லை. சைகால் பயத்திலும் சந்தோஷத்திலும் சிவந்துபோய் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். தோளில் நிற்காத மருந்துப் பை எப்போதும்போல நழுவிப் புல்லில் விழுந்தது.

"ஐயோ, ஊசி!"

அவள் கை கீழே நீண்டது. தலைத்துணி விலகி, வெயில் படாத வெளுத்த பிடரி தெரிந்தது. அதைப் பார்த்ததும் புருலுக்கு முதன்முதலில் விழுந்த அன்றைய வேலியோரச் சிரிப்பெல்லாம் காதில் கேட்டது.

"குனியாத!"

ஓடிப்போய் வாயோரமாகக் கடிவாளத்தைப் பிடித்தாள். செவலை துள்ளி, அவளை இரண்டடி இழுத்துக்கொண்டுபோய் நின்றது. சைகால் குதிரையின் பிடரி மயிரைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

"என்ன ஆச்சு உனக்கு? குதிரைய மிரட்டிட்ட!" தாஷ்தான் கத்தினான்.

"எறங்கு டாக்டர்" என்றாள் புருல்.

சைகால் இறங்கினாள். புருல் ஏறி, செவலையைத் திருப்பி, பையை நோக்கி நடத்தினாள். பக்கத்தில் வந்ததும் வலதுபக்கமாகச் சரிந்து கையை நீட்டினாள். பையின் வார் விரலில் பட்ட கணத்தில் முற்றமே பின்னால் ஓடியது. இந்தத் தடவை அவள் தயாராக இருந்தாள். இடது மணிக்கட்டில் தீப்பிடித்தது, கடிவாளத்தை விடவில்லை. வேலியைச் சுற்றி, கொட்டிலைச் சுற்றி, கோழிகளையெல்லாம் பறக்கவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பிவந்து பையை தாஷ்தானின் காலடியில் போட்டாள்.

"எல்லைக்குழில போட்டுட்டாடா!" என்று கனிஷாய் கைதட்டினாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

தாஷ்தான் வெளுத்துப்போயிருந்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் பனியில விழுந்தேனே."

"வழுக்கி விழுந்தேன்னு சொன்ன."

"வழுக்கல."

அவன் குதிரையைப் பார்த்தான், பிறகு அவளை. "அன்னிக்கு ஏறிப் பாத்தப்ப ஏன் சொல்லல?"

சைகால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல இடமிருந்தது. மறந்துவிட்டது என்றால் நம்பியிருப்பார்கள்.

"சொல்ல மனசு வரல" என்றாள் புருல்.

சைகால் மெதுவாகப் பையை எடுத்துத் திறந்து ஊசிக்குப்பிகளைப் பார்த்தாள். ஒன்றும் உடையவில்லை. "இப்பச் சொல்லிட்டீங்களே அக்கா" என்றாள். குரலில் பழைய கலகலப்பு இல்லை. அது அவ்வளவு சீக்கிரம் திரும்பிவராது என்று புருலுக்குத் தெரிந்தது.

"வேற குதிரை பாக்கலாம்" என்றான் தாஷ்தான்.

"வேணாம்" என்றாள் புருல். "குனியாத வரைக்கும் இதைவிட நல்ல குதிரை கிடையாது. பையைச் சேணத்தோட கட்டுங்க. எது விழுந்தாலும் எறங்கித்தான் எடுக்கணும். இன்னிக்கு நானும் கூடப் போறேன்."

அவன் பையைச் சேணத்தில் வைத்துக் கட்டினான். முடிச்சின்மேல் முடிச்சு. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான். புருலுக்கு மறுபடியும் நெஞ்சு காந்தியது. உண்மையைச் சொன்னால் அது போய்விடும் என்று நினைத்திருந்தாள்போல.

கட்டி முடித்துவிட்டு அவன் அவளிடம் வந்தான்.

"எந்தக் கை?" என்றான்.

ஏழெட்டு மாதமாக அவன் எதிரில் உட்கார்ந்து அந்தக் கையோடுதான் சாப்பிட்டிருக்கிறாள்.

"ஊர்க் குதிரைக் காலெல்லாம் தடவியே எங்க வலின்னு கண்டுபிடிப்பீங்களே" என்று சொல்லி, இரண்டு கைகளையும் அவன்முன் நீட்டினாள்.

கனிஷாய்க்கு முன்னால், டாக்டருக்கு முன்னால் அவன் கூச்சப்பட்டான். பிறகு அவளுடைய இடது முழங்கையைப் பிடித்து, விரல்களை அழுத்தி அழுத்தி மெதுவாகக் கீழே கொண்டுவந்தான். கையைப் பார்க்கவில்லை. வலிக்கிற இடம் வந்தால் எங்கே தெரியுமோ அங்கே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.