சிவப்பு நாடா கட்டாத நாற்காலி

ஸ்டூடியோவில் அவளை எல்லோரும் டிகிரி என்றுதான் கூப்பிட்டார்கள். வம்சத்திலேயே முதல் பட்டதாரி. சினிமாவுக்குச் செட் போடும் ஆர்ட் டைரக்டரிடம் உதவியாளர். இந்தப் படத்தில் அவள் பங்குக்கு வந்தது ஏழை வீட்டு அறை. அதற்காக அவள் எங்கும் அலையவில்லை. தன் வீட்டையே மூன்று சுவரில் எழுப்பிவிட்டாள். நாலாவது சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கேமரா.

சுவரில் ஈரம் ஏறியதாகக் காட்டத் தேயிலைத் தண்ணீர், அடுப்புக்கு மேலே கரிப்பொடி என்று எல்லாப் பொய்யும் கைகூடியது. செட்டுக்கு வாங்கிய நாற்காலி மட்டும் மசியவில்லை. எவ்வளவு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் புதுசாகவே முழித்தது. கடைசியில் அப்பாவின் சாய்வு நாற்காலியையே கேட்டாள். அவருக்குப் படுத்தால் மூச்சடைக்கும். வருஷக்கணக்காக அதில் சாய்ந்துதான் தூங்குகிறார். மரச்சட்டமே அவர் முதுகுக்குத் தக்கபடி வளைந்துகொடுத்திருந்தது.

"கொண்டுபோம்மா. ஒரு நாள்தானே, சுவத்துல சாஞ்சுக்கறேன்," என்றார் அப்பா. "நம்ம வீட்டுல சினிமாவுக்கேத்த முகவெட்டு அதுக்குத்தான் இருக்கு."

செட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரவல் பொருளின் காலில் சிவப்பு நாடா கட்டவேண்டும். நாடா இல்லாதது கம்பெனிப் பொருள். உடைக்கலாம், எரிக்கலாம், கேள்வி இல்லை. அவள் நாடாவோடு குனிந்த நேரம் டைரக்டர் உள்ளே வந்தார்.

"அடேயப்பா! எலிகூட வாடகைக்கு வராது போலிருக்கே! இதுல மனுஷன் குடும்பம் நடத்துவானா?"

செட்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். இத்தனை வருஷப் படிப்பு அவ்வளவுக்குத்தான் உதவியது.

"அந்த நாற்காலிய எங்கம்மா புடிச்ச?"

"பழைய சாமான் கடையில சார்."

நாடா கட்டினால் யாருடையது என்று கேட்பார்கள். கட்டாமல் எழுந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டைரக்டருக்கு ஞானோதயம் பிறந்தது. "ஹீரோவுக்குக் கோவம் பத்தல. அந்த நாற்காலியத் தூக்கி அடிச்சு நொறுக்கட்டும்."

அவள் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். "சார், அதே மாதிரி டம்மி ஒண்ணு செஞ்சிடறேன். நாளைக்கு..."

"நாளைக்கு ஹீரோ ஊர்லயே இல்ல. நாடா இருக்கா பாருங்கப்பா."

ஆர்ட் டைரக்டர் குனிந்து பார்த்தார். "இல்ல சார், நம்மதுதான்." பிறகு அவளைப் பார்த்து, "ஏன் டிகிரி மூஞ்சி செத்துப்போச்சு? உங்க அப்பன் வீட்டுச் சொத்தா என்ன?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அத்தனை பேரும் அந்தச் சுவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். கரிப்பொடியை, ஈரக்கறையை, பிறகு அவளை. யாரோ "சைலன்ஸ்" என்று கத்தினார்கள். ஹீரோ நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கினார்.

மூன்றே அடி. சட்டம் சுள்ளிபோல முறிந்தது.

"ஹீரோ மூஞ்சியில லைட் விழலையே," என்றார் டைரக்டர். "சரி விடு, இந்த ஷாட்டையே எடிட்டிங்ல தூக்கிடலாம்."

வீட்டில் அப்பா சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். நாற்காலி இல்லாமல் முந்தின ராத்திரி தூங்காத கண்.

"வெறுங்கையோட வர்ற? இன்னும் முடியலயா?" என்று அம்மா கேட்டாள்.

"உடைச்சிட்டாங்கம்மா."

"உடைக்கறவரைக்கும் நீ என்ன பண்ணிட்டிருந்த? எங்களதுன்னு சொல்றதுக்கென்ன? படிச்ச வாய்தானேடி?"

எந்தக் காலேஜிலும் அதற்குப் பாடம் நடத்தவில்லை.

"விடு," என்றார் அப்பா. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சைத் தேடி எடுத்தார். "அவளென்ன... வேணும்னா... செஞ்சா?"

அடுத்த வாரம் கடையிலிருந்து புது நாற்காலி வந்தது. அப்பா உட்கார்ந்து பார்த்தார். முன்னால் நகர்ந்தார், பின்னால் நகர்ந்தார், முதுகுக்குத் தலையணை வைத்தார், எடுத்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றார்.

விடியும்வரை அதில் விழித்தே இருந்தார்.